தண்ணித் தொட்டியின் அடியில் தங்கும் தாது உப்பு

கறவை மாடு வைத்திருக்கும் வீடுகளில் தாது உப்புப் பொட்டலம் இல்லாத வீடு இப்போது குறைவு. மருந்துக்கடையில் வாங்கிய கால்சியம் பாட்டிலும் கூடவே இருக்கும். ஆனாலும் மாடு சுவரை நக்குகிறது, கன்று ஈன்ற மறுநாள் எழ முடியாமல் படுத்துவிடுகிறது, மூன்று சினை ஊசி போட்டும் நிற்பதில்லை. வாங்காததால் வரும் குறை இதில் பாதிகூட இல்லை. எந்தத் தீவனத்தோடு, எந்தக் காலத்தில், எந்த வடிவத்தில் கொடுக்கிறோம் என்பதில்தான் கோளாறு. தமிழ்நாட்டின் ஜெர்சி கலப்பினப் பசுவையும், நம் தொழுவத்தில் அது உண்மையில் தின்னும் தீவனத்தையும் வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு லிட்டர் பாலில் சுமார் 1.2 கிராம் கால்சியமும் 0.9 கிராம் பாஸ்பரஸும் வெளியே போகின்றன. 10 லிட்டர் கறக்கும் பசு பாலில் மட்டும் 12 கிராம் கால்சியத்தை இழக்கிறது. 400 கிலோ உடம்பைப் பராமரிக்க இன்னொரு 12 கிராம் வேண்டும். ஆக, 24 கிராம் கால்சியம் குடலில் உறிஞ்சப்பட்டாக வேண்டும். தீவனத்தில் இருப்பதில் ஏறத்தாழ பாதிதான் உள்ளே போகும் என்பதால், தின்னும் தீவனத்தில் நாளுக்கு 50 கிராம் இருக்க வேண்டும்.

சாதாரணமாக என்ன கொடுக்கிறோம்? கோ-4 (கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்) பசுந்தீவனம் 20 கிலோ, வைக்கோல் 4 கிலோ, கோதுமைத் தவிடு 2 கிலோ, கடலைப் பிண்ணாக்கு 1 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 கிலோ கோ-4இல் ஈரம் போக 4 கிலோதான் உலர்பொருள். அதிலிருந்து 16 முதல் 20 கிராம் கால்சியம் வரும். வைக்கோலில் 9 கிராம். தவிடும் பிண்ணாக்கும் சேர்ந்து 4, 5 கிராமுக்கு மேல் தராது. சராசரியாகக் கூட்டினால் 32 கிராம் அளவில் நின்றுவிடுகிறது. 18 கிராம் துண்டு விழுகிறது. அந்த 32இலும் ஒரு பகுதி, புல்லில் இருக்கும் ஆக்சலேட் என்ற பொருளில் கட்டுண்டு சாணத்தோடு போய்விடும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பாஸ்பரஸ் கதை நேர் எதிர். அதே 2 கிலோ தவிட்டில் மட்டும் 20 கிராமுக்கு மேல் பாஸ்பரஸ் இருக்கிறது. மற்றவற்றையும் சேர்த்தால் 40 கிராமைத் தொடும். தேவை 35 கிராம் அளவுதான். தவிட்டில் இருப்பது பைட்டேட் வடிவம், கோழிக்கு எளிதில் கிடைக்காது. ஆனால் மாட்டின் முதல் வயிற்று நுண்ணுயிரிகள் அதை உடைத்துவிடும். எனவே தவிடும் பிண்ணாக்கும் தின்னும் வீட்டு மாட்டுக்குப் பாஸ்பரஸ் போதும், கால்சியம்தான் போதாது. இந்த மாட்டுக்கு 50 கிராம் தாது உப்புக் கலவை 10 கிராம் கால்சியம் தரும். மீதி 8, 9 கிராமுக்கு 25 கிராம் கால்சைட் (சுண்ணாம்புக்கல்) தூள் போதும். கால்சைட்டில் 36 முதல் 38 சதவீதம் கால்சியம். கோழித்தீவனக் கடையில் கிடைக்கும், தாது உப்போடு ஒப்பிட்டால் விலை ஒன்றுமே இல்லை.

மேய்ச்சலையும் சோளத்தட்டையும் நம்பியிருக்கும் மானாவாரிப் பகுதி மாட்டுக்கு இந்தக் கணக்கு அப்படியே புரண்டுவிடும். தவிடு கண்ணில் காணாத மாடு அது. காய்ந்த புல்லிலும் தட்டிலும் பாஸ்பரஸ் மிகக் குறைவு. அதற்குக் கால்சைட் கொடுப்பதில் பொருளில்லை. டிசிபி என்கிற டைகால்சியம் பாஸ்பேட்டோ, குறைந்தது அரைக் கிலோ தவிடோதான் வேண்டும். டிசிபியில் 23 சதவீதம் கால்சியம், 18 சதவீதம் பாஸ்பரஸ். ஒரே பொட்டலம் எல்லா ஊருக்கும் சரிப்படாது என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் தேவையில்லை. மண், தண்ணீர், தீவனம் மூன்றையும் சோதித்து, பகுதிவாரியாகத் தாது உப்புக் கலவை தயாரிக்கும் முறை அதனால்தான் வந்தது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தன் பெயரிலேயே கலவை தயாரித்து விற்கிறது. பக்கத்தில் அதன் ஆராய்ச்சி மையம் இருந்தால் முதலில் அங்கே கேளுங்கள்.

இனி ஆக்சலேட். கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் வகைகள் எல்லாவற்றிலும், கோ-4 ஆனாலும் கோ-5 ஆனாலும், ஆக்சலேட் உண்டு. இளம் பயிரில் உலர்பொருளில் 2 முதல் 3 சதவீதம் வரை இருக்கும், முற்ற முற்றக் குறையும். வைக்கோலிலும் உண்டு. அது குடலில் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு கரையாத உப்பாக மாறிவிடும். நட்டு 75 நாளில் முதல் அறுப்பு, பிறகு 45 நாளுக்கு ஒருமுறை என்று சொல்வது விளைச்சலுக்காக மட்டுமல்ல. 25, 30 நாளிலேயே இளசாக இருக்கிறதே என்று அறுத்துப் போடுபவர்கள் புரதம் கூடுவதைப் பார்க்கிறார்கள், கால்சியம் போவதைப் பார்ப்பதில்லை. முதல் வயிற்றில் ஆக்சலேட்டைச் சிதைக்கும் பாக்டீரியா உண்டு. ஆனால் அது பெருகச் சில நாட்கள் பிடிக்கும். வைக்கோல் மட்டும் தின்ற மாட்டுக்குத் திடீரென்று 30 கிலோ இளம் நேப்பியர் போடக் கூடாது என்பது அதனால்தான். ஒரு வாரத்தில் படிப்படியாக ஏற்றுங்கள். கூடவே பயறுவகைத் தீவனம் ஏதாவது 5 கிலோ சேர்த்தால் ஆக்சலேட் தொல்லை பெரிதும் தீரும்: வேலிமசால், குதிரைமசால், அகத்தி, காராமணி எதுவானாலும் சரி. கடலைக்கொடி கிடைக்கும் ஊரில் இருப்பவர்கள் அதிர்ஷ்டசாலிகள். வைக்கோலைவிட நான்கைந்து மடங்கு கால்சியம் அதில் இருக்கிறது.

வாங்கும்போது எதைப் பார்ப்பது

தாது உப்புக் கலவைக்கு இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 1664. பொட்டலத்தின் பின்பக்கம் பார்க்க வேண்டியவை சில: கால்சியம் 20 சதவீதம், பாஸ்பரஸ் 12, மக்னீசியம் 5, துத்தநாகம் 0.8, தாமிரம் 0.1. இவை குறைந்தபட்சம். புளூரின் மட்டும் அதிகபட்சம் 0.07. பாஸ்பரஸ்தான் இதில் விலை உயர்ந்த சரக்கு. ஆகவே மலிவுப் பொட்டலங்களில் முதலில் குறைவது அதுதான். கால்சியம் 28, பாஸ்பரஸ் 5 என்று எழுதியிருந்தால் கால்சைட் தூளுக்குத் தாது உப்பு விலை கொடுக்கிறீர்கள் என்று பொருள். அளவே போடாமல் வைட்டமின், அமினோ அமிலம், ஈஸ்ட் என்று இருபது பெயர் மட்டும் அடுக்கியிருந்தால் திருப்பி வைத்துவிடுங்கள்.

புளூரின் விஷயத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். டிசிபிக்குப் பதிலாகப் பாறைப் பாஸ்பேட்டை அரைத்துச் சேர்த்தால் பாஸ்பரஸ் எண்ணிக்கை சரியாக வந்துவிடும், புளூரின் எகிறிவிடும். தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கம் ஆழ்துளைக் கிணற்று நீரிலேயே புளூரைடு இருக்கிறது. அந்த ஊர் மாட்டுக்கு மேலும் புளூரின் போனால், பல் முளைக்கும் வயதில் கன்றின் பல்லில் பழுப்புப் பட்டை விழும், எலும்பு தடித்து நொண்டும். நொண்டுகிற மாட்டைப் பார்த்ததும் கால்சியக் குறை என்று முடிவுகட்டி, அதே மலிவுக் கலவையை இரட்டிப்பாக்கிய தொழுவங்களும் உண்டு.

டிசிபி தனியாக வாங்கினால் ஒரு சின்னச் சோதனை செய்யலாம். ஒரு சிட்டிகையில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை இரண்டு சொட்டு விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்புக்கல் தூள் கலந்திருக்கிறது. கலவைப் பொட்டலத்துக்கு இந்தச் சோதனை உதவாது, அதில் கால்சைட் நியாயமாகவே இருக்கும். அங்கே பார்க்க வேண்டியது அமிலத்தில் கரையாமல் அடியில் நிற்கும் மணலை. சந்தேகம் வலுத்தால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் இருக்கும் தீவனப் பகுப்பாய்வுக் கூடத்துக்குக் கட்டணம் கட்டி மாதிரி அனுப்பலாம். ஐந்து மாட்டுக்கு மேல் வைத்திருப்பவர்களுக்கு அந்தச் செலவு வீண் போகாது.

வீட்டிலேயே கலக்கலாமா என்று கேட்பார்கள். கால்சைட், டிசிபி, கல்லுப்பு மூன்றையும் தாராளமாகக் கலக்கலாம். நுண் தாதுக்களைத் தொடாதீர்கள். 400 கிலோ பசுவுக்கு நாளுக்குத் தேவையான தாமிரம் 110 மில்லிகிராம் அளவு. மயில்துத்தத்தில் நான்கில் ஒரு பங்கு தாமிரம். ஒரு டீஸ்பூன், அதாவது 5 கிராம் போட்டால் 1250 மில்லிகிராம் ஆகிவிடும். சாக்கில் மண்வெட்டியால் கிளறும்போது அது ஒரு மூலையில் கட்டியாக நின்று ஒரே மாட்டுக்குப் போய்ச் சேரும்.

இதோடு சேர்த்து ஒரு எச்சரிக்கை. மாட்டுக்கான தாது உப்பைச் செம்மறி ஆட்டுக்குக் கொடுக்கக் கூடாது. செம்மறி தாமிரத்தை ஈரலில் சேர்த்துக்கொண்டே போகும், வெளியேற்றத் தெரியாது. பல வாரம் ஒன்றும் தெரியாது. பிறகு ஒருநாள் கண் மஞ்சளாகி, சிறுநீர் கருத்து, இரண்டு நாளில் செத்துவிடும். மாடும் செம்மறியும் ஒரே தொழுவத்தில் இருந்தால் மாட்டுத் தொட்டியில் மிஞ்சியதை ஆடு நக்கவும் விடாதீர்கள்.

எப்படிக் கொடுப்பது

மாட்டுக்குத் தண்ணி காட்டுவது நம் வழக்கம். கழனித் தண்ணீரில் தவிடு, பிண்ணாக்கு, ஒரு கைப்பிடி தாது உப்பு எல்லாம் போட்டுக் கலக்கி வைப்பார்கள். மாடு மேலாக உறிஞ்சிக் குடித்துவிட்டு நகர்ந்துவிடும். டிசிபி, கால்சைட், மக்னீசியம் ஆக்சைடு எதுவும் தண்ணீரில் கரையாதவை. அப்படியே அடியில் தங்கிவிடும். தொட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள், மாதக்கணக்காக வாங்கிய காசு சாம்பல் நிற வண்டலாகக் கிடக்கும். தவிட்டையும் பிண்ணாக்கையும் புட்டு மாவு பதத்துக்குப் பிசிறி, அதில் தாது உப்பைத் தூவிக் கலந்து, மாடு நக்கித் தின்னும்படி கொடுப்பது ஒன்றுதான் வழி. தண்ணீரைத் தனியாக, வெறும் தண்ணீராகக் காட்டுங்கள். தீவனத்தைக் கரைசலாகக் குடிப்பதைவிட மென்று தின்றால் எச்சில் கூடுதலாகச் சுரக்கும், வயிற்றுப் புளிப்பும் குறையும்.

கைப்பிடி என்பது அளவே அல்ல. ஆளுக்கு ஆள் 30 கிராமும் 80 கிராமும் வரும். மளிகைக் கடைத் தராசில் ஒருமுறை 50 கிராம் நிறுத்து, பழைய டம்ளர் ஒன்றில் கொட்டிக் கோடு போட்டுவிட்டால் வேலை முடிந்தது. வேறு நிறுவனப் பொட்டலம் வாங்கினால் மறுபடி நிறுத்துக் கோடு போட வேண்டும், அடர்த்தி மாறும்.

பத்து லிட்டர் வரை கறக்கும் பசுவுக்கு 50 கிராம். 15 லிட்டரைத் தொடுகிறதென்றால் 100 கிராம், காலையும் மாலையும் பிரித்து. கிடேரிக்கு 30 முதல் 50. அடர்தீவனம் தின்னத் தொடங்கிய கன்றுக்கு 15, 20 போதும். வீட்டில் அடர்தீவனத்தை மொத்தமாக அரைத்துக் கலப்பவர்கள் 100 கிலோவுக்கு 2 கிலோ தாது உப்பு, 1 கிலோ உப்பு என்று சேர்த்துவிடலாம். ஆனால் மாதக்கணக்கில் உப்போடு கலந்து வைக்காதீர்கள். ஈரம் இழுத்து அயோடின் பறந்துவிடும், கட்டி தட்டும். கடையில் வாங்கும் குச்சித்தீவனத்தில் ஏற்கெனவே தாது உப்பு சேர்த்திருப்பார்கள். 4 கிலோ குச்சித்தீவனம் தின்னும் மாட்டுக்கு மேலும் 100 கிராம் கொட்டுவது சாணத்துக்குத்தான்.

சில மாடுகள் புதுப் பொட்டலத்தின் வாசனைக்கே முகத்தைத் திருப்பும். 10 கிராமில் தொடங்கி ஒரு வாரத்தில் முழு அளவுக்கு வாருங்கள். கொஞ்சம் வெல்லப்பாகு தெளித்தால் மறுக்காது.

தொங்கவிடும் உப்புக்கட்டி பற்றி என் அபிப்பிராயம் அவ்வளவு நல்லதல்ல. பெரும்பாலானவை சாதா உப்பு, அதில் கொஞ்சம் நுண் தாது. சோடியத்துக்கு நல்லது, அவ்வளவுதான். ஒரு மாடு நாளெல்லாம் நக்கும், பக்கத்து மாடு திரும்பிக்கூடப் பார்க்காது. யூரியா வெல்லப்பாகுக் கட்டியாக இருந்தால் மழையில் நனையவோ தண்ணீரில் விழவோ விடக் கூடாது. கரைந்த யூரியாவைக் குடித்த மாடு அரை மணி நேரத்தில் வயிறு உப்பி விழும். ஆறு மாதத்துக்குள் இருக்கும் கன்றுக்கு அதை எட்டும் தூரத்தில்கூட வைக்காதீர்கள்.

சாதா உப்பை எல்லோரும் மறந்துவிடுகிறோம். நம் புல், வைக்கோல், தட்டு எதிலும் சோடியம் போதாது. கறவைப் பசுவுக்கு நாளுக்கு 30 கிராம் கல்லுப்பு தேவை. சுவரை நக்கும், சிறுநீரைக் குடிக்கும், வியர்த்த ஆளின் கையை விடாமல் நக்கும் மாட்டுக்கு முதலில் பத்து நாள் உப்புப் போட்டுப் பாருங்கள். கூடவே குடற்புழு மருந்து கொடுத்து எத்தனை மாதம் ஆயிற்று என்று கணக்குப் பாருங்கள். அப்படியும் நிற்காமல் எலும்பு, துணி, செருப்பு என்று கடித்துத் திரிந்தால் பாஸ்பரஸ் குறை என்று சந்தேகப்படலாம். எலும்பு கடிக்கும் பழக்கத்தை வேடிக்கை பார்க்காதீர்கள், செத்த பிராணியின் எலும்பிலிருந்து பொட்டுலிச நஞ்சு ஏறினால் பின்னங்கால் தளர்ந்து மாடு போய்விடும்.

பாஸ்பரஸ் குறை தீவிரமானால், கன்று ஈன்று இரண்டு முதல் நான்கு வாரத்தில் சிறுநீர் காப்பி நிறத்தில் போகும். எருமையில் அதிகம் பார்க்கலாம். இரத்தச் சிவப்பணு உடைந்து வெளியேறும் நிறம் அது. காய்ச்சலும் உண்ணியும் இருந்தால் உண்ணிக்காய்ச்சலாக இருக்கலாம், காய்ச்சல் இல்லையென்றால் பாஸ்பரஸ் பக்கம் பார்க்க வேண்டும். எதுவானாலும் அன்றே மருத்துவர் வந்து பாஸ்பேட் ஊசி போடுவதா வேறு மருந்தா என்று முடிவெடுக்க வேண்டிய அவசரம் அது.

பாட்டிலும் சுண்ணாம்புத் தெளிவும்

கால்சியம் பாட்டிலைத் திருப்பி லேபிளைப் படியுங்கள். 100 மில்லிக்கு 3 கிராம் கால்சியம் என்று இருந்தால், ஒரு வேளைக்கு 100 மில்லி கொடுக்கும் பசுவுக்குக் கிடைப்பது 3 கிராம். இரண்டரை லிட்டர் பாலில் போகும் அளவு. அதே 3 கிராம் 8 கிராம் கால்சைட் தூளில் இருக்கிறது. பாட்டிலில் வைட்டமின் டி-3 இருக்கிறதே என்பார்கள். பகலில் சில மணி நேரமாவது வெயிலில் கட்டிய மாட்டுக்கு அந்த வைட்டமின் தோலிலேயே உருவாகிவிடும். வெயிலே படாத கொட்டகை மாட்டுக்கு வேண்டுமானால் அர்த்தம் உண்டு. பாட்டில் கால்சியம் கெடுதல் என்று சொல்ல வரவில்லை. நாள்தோறும் கொடுக்கிற கால்சியத்துக்கு அது மிக விலையுயர்ந்த வழி.

சுண்ணாம்புத் தெளிநீர் இன்னொரு நம்பிக்கை. சுண்ணாம்பு தண்ணீரில் மிகக் கொஞ்சமே கரையும். ஒரு லிட்டர் தெளிவில் கால்சியம் ஒரு கிராம்கூட இருக்காது. அதாவது ஒரு லிட்டர் பாலில் இருப்பதைவிடக் குறைவு. அடியில் இருக்கும் குழம்பைக் கலக்கிக் கொடுத்தால் வாயும் தொண்டையும் வெந்துபோகும்.

ஈனும் முன் மூன்று வாரம்

பெரிய தவறு நடப்பது இந்தக் காலத்தில்தான். ஈனப்போகிறதே, எலும்பு பலமாகட்டும் என்று கடைசி மாதத்தில் கால்சியம் டானிக்கை ஊற்றுவார்கள், அகத்தியும் வேலிமசாலுமாகப் போடுவார்கள். ஈன்ற அன்றே மாடு விழும். ஏன் என்று பார்க்கலாம்.

400 கிலோ பசுவின் இரத்தத்தில் எந்த நேரமும் ஓடிக்கொண்டிருப்பது சுமார் 2 கிராம் கால்சியம். சீம்பாலில் லிட்டருக்கு 2 கிராமுக்குக் குறையாது. முதல் நாள் 6 லிட்டர் சீம்பால் இறங்கினால் இரத்தத்தில் இருப்பதைப் போல ஆறு மடங்கு மடிக்குள் போகிறது. எலும்பிலிருந்தும் குடலிலிருந்தும் உடனடியாக எடுத்துக் கொடுத்தால்தான் ஈடுகட்ட முடியும். அந்த வேலையைத் தொடங்கி வைப்பது பாராதைராய்டு ஹார்மோன். கடைசி வாரங்களில் தீவனத்திலேயே கால்சியம் வழிந்தால் அந்த ஏற்பாடு தூங்கிப்போகும், எழுப்ப இரண்டு மூன்று நாள் ஆகும். அதற்குள் மாடு விழுந்துவிடும். மூன்றாம் ஈத்துக்கு மேல் ஆபத்து கூடும். ஜெர்சி இரத்தம் அதிகமுள்ள மாட்டில் இன்னும் கூடும்.

கால்சியத்தைவிடப் பெரிய குற்றவாளி பொட்டாசியம். மாட்டுச் சிறுநீரும் சாணக் கரைசலும் ஓடும் வாய்க்காலின் ஓரத்தில் வளர்ந்த கோ-4 பொட்டாசியத்தை அளவில்லாமல் உறிஞ்சி வைத்திருக்கும். பொட்டாசியம் அதிகமானால் இரத்தம் காரத்தன்மை பக்கம் சாயும், அப்போது பாராதைராய்டு ஹார்மோன் சொன்னாலும் எலும்பு கேட்காது. முதல் வயிற்றில் மக்னீசியம் உறிஞ்சப்படுவதையும் பொட்டாசியம் தடுக்கும். மக்னீசியம் இல்லாவிட்டால் அந்த ஹார்மோன் சரியாகச் சுரக்கவும் செய்யாது. ஆகவே கடைசி 21 நாள் கழிவுநீர் பாய்ந்த நேப்பியரைக் குறைத்து, சோளத்தட்டு, வைக்கோல், 2 முதல் 3 கிலோ அடர்தீவனம் என்று மாற்றுங்கள். கால்சைட்டையும் டானிக்கையும் நிறுத்துங்கள். பயறுவகைத் தீவனத்தை நிறுத்துங்கள். தாது உப்பை மட்டும் நிறுத்தாதீர்கள். 50 கிராமில் வரும் கால்சியம் 10 கிராம்தான், அது பெரிய சேதம் செய்யாது. ஆனால் அதிலிருக்கும் தாமிரமும் துத்தநாகமும் செலீனியமும் இந்த நேரத்தில்தான் கன்றுக்கும் நஞ்சுக்கொடி விழவும் சீம்பாலுக்கும் தேவை. சாதா உப்பைப் பாதியாகக் குறைக்கலாம், முதல் ஈத்துக் கிடேரியின் மடி வீக்கம் குறையும்.

முன்பு பால்காய்ச்சல் (ஈன்றதும் கால்சியம் குறைந்து விழும் இந்த நோய்) வந்த மாடுகளும், 15 லிட்டருக்கு மேல் கறப்பவையும் நிறைய உள்ள பண்ணையில், அம்மோனியம் குளோரைடு, மக்னீசியம் சல்பேட் கொண்ட, இரத்தத்தின் காரத்தன்மையைக் குறைக்கும் எதிர்அயனி உப்புக் கலவையைக் கடைசி மூன்று வாரம் கொடுப்பார்கள். அது வேலை செய்கிறதா என்று சிறுநீரில் பிஹெச் தாள் நனைத்துத் தெரிந்துகொள்ளலாம். சாதாரணமாக 8 அளவில் இருப்பது 6 முதல் 6.5க்கு இறங்கினால் சரி. 5.5க்குக் கீழே போனால் அளவு அதிகம், தீவனம் எடுப்பது குறையும். ஈன்ற அன்றே நிறுத்திவிட வேண்டும். கால்நடை மருத்துவர் அளவு சொல்லாமல் தொடங்கக் கூடாது. ஒன்றிரண்டு மாடு வைத்திருப்பவருக்கு இது அதிகப்படி, தட்டும் வைக்கோலும் சரியாகப் பார்த்தாலே போதும்.

ஈன்றவுடன் நிலைமை தலைகீழ். அன்றிலிருந்தே கால்சைட், பயறுவகைத் தீவனம், முழு அளவு தாது உப்பு. மூன்றாம் ஈத்துக்கு மேற்பட்ட பசுவுக்கு வாய்வழி கால்சியம் ஜெல் ஈன்றவுடன் ஒன்று, அடுத்த 12 முதல் 24 மணி நேரத்தில் இன்னொன்று என்று கொடுப்பது பலன் தரும். இங்கே ஒரு குழாயில் 40, 50 கிராம் கால்சியம் இருக்க வேண்டும். நாள்தோறும் ஊற்றும் டானிக் இதற்கு மாற்றல்ல. விழுங்கும் நிலையில் நிற்கும் மாட்டுக்கு மட்டும்தான் இது.

படுத்துவிட்ட மாட்டின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. காது சில்லிட்டிருக்கும், மூக்கு உலர்ந்திருக்கும், சாணம் போட்டிருக்காது, கழுத்தை வளைத்து விலாவில் வைத்துக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் விழுங்கும் தசையும் வேலை செய்யாது. ஊற்றுவது நுரையீரலுக்குப் போகும், கால்சியக் குறையிலிருந்து தப்பிய மாடு நிமோனியாவில் போகும். கால்நடை அவசர உதவி எண் 1962க்கு அழைத்துவிட்டு, மாட்டை நெஞ்சு தரையில் படும்படி நிமிர்த்தி உட்காரவையுங்கள். இருபுறமும் வைக்கோல் மூட்டை முட்டுக் கொடுங்கள். பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தால் வயிறு உப்பியே உயிர் போய்விடும். மருத்துவர் 450 மில்லி கால்சியம் போரோகுளுகோனேட்டை உடல் சூட்டுக்குக் கொண்டுவந்து, இதயத் துடிப்பைக் கேட்டுக்கொண்டே மெதுவாக நரம்பில் ஏற்றுவார். வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும். சிரிஞ்சு பிடிக்கத் தெரியும் என்பதற்காக யாரும் இதைத் தாமே செய்யக் கூடாது. எழுந்த மாட்டை அன்றைக்கு ஒட்டக் கறக்காமல் கன்றுக்குத் தேவையானது மட்டும் கறந்துகொள்ளுங்கள்.

விழாத மாட்டுக்கும் கால்சியம் குறைந்தே இருக்கலாம். தசை சுருங்கக் கால்சியம் வேண்டும். கருப்பை சுருங்காமல் நஞ்சுக்கொடி தங்குவது, அடி தள்ளுவது (கருப்பை வெளியே வருவது), காம்பின் துளை மூடாமல் மடிநோய் வருவது, தீனி எடுக்காமல் மெலிவது எல்லாவற்றுக்கும் பின்னால் இந்தக் குறை இருக்க வாய்ப்பு உண்டு.

சினை பிடிக்காத மாடும் நுண் தாதும்

தாது உப்பு போட்டால் சினை நிற்கும் என்பது பாதி உண்மை. கிடேரி பருவத்துக்கு வரவில்லையென்றால் முதலில் எடையைப் பாருங்கள். கலப்பினக் கிடேரி 250 கிலோவைத் தொடவில்லையென்றால் குறை தீனியில். ஈன்று மூன்று மாதமாகியும் பருவத்துக்கு வராத பசு விலா எலும்பு தெரிய மெலிந்திருந்தால் அதற்கும் தாது உப்பு மருந்தல்ல, அடர்தீவனம் வேண்டும். இவை சரியாக இருந்து, ரோமம் மங்கி, கருப்பு மாடு செம்பட்டையாகி, கண்ணைச் சுற்றி வெளிறியிருந்தால் தாமிரக் குறையை நினைக்கலாம். குளம்பு வெடிப்பு, காம்புப் புண் ஆறாமை இருந்தால் துத்தநாகம். எதுவானாலும் இன்று கொடுத்து அடுத்த வாரம் பலன் பார்க்க முடியாது. இரண்டு மூன்று மாதம் விடாமல் கொடுத்த பிறகே தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

இரும்புச்சத்து அதிகமுள்ள டானிக்கைக் கறவை மாட்டுக்கு வாங்கிக் கொடுப்பதைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. நம் செம்மண்ணிலும் தீவனத்திலும் இரும்பு தேவைக்கு மேலேயே இருக்கிறது. தொட்டியில் துருநிறம் படியவைக்கும் ஆழ்துளைக் கிணற்று நீரில் இன்னும் அதிகம். அதிகப்படி இரும்பு தாமிரத்தை உறிஞ்ச விடாது. அந்த மாதிரித் தண்ணீர் உள்ள பண்ணைக்குத்தான் விலை கூடிய கீலேட் வகை (கரிமப் பொருளோடு பிணைத்த) தாமிரமும் துத்தநாகமும் பொருத்தம். மற்றவர்கள் சாதா கலவையையே ஒழுங்காகக் கொடுத்தால் போதும்.

சேலம், நாமக்கல் பக்கம் ஜவ்வரிசி ஆலையிலிருந்து வரும் மரவள்ளித் திப்பியை நிறையப் போடுகிறார்கள். அது வெறும் மாவுச்சத்து, புரதமும் தாதுவும் மிகக் குறைவு. போதாக்குறைக்கு, மரவள்ளியின் சயனைடு உடலில் தயோசயனேட்டாக மாறித் தைராய்டு அயோடினைப் பிடிப்பதைத் தடுக்கும். ரோமமில்லாமல், கழுத்து வீங்கி, எழ முடியாத கன்று பிறந்தால் அயோடினைச் சந்தேகப்படுங்கள். திப்பி போடும் வீட்டில் அயோடின் அளவு எழுதிய தாது உப்பையே வாங்க வேண்டும், சமையலறை அயோடின் உப்பையும் பயன்படுத்தலாம்.

செலீனியம் மட்டும் கவனம். தீவனத்தில் கிலோவுக்கு 0.3 மில்லிகிராம் தேவை, 5 மில்லிகிராமைத் தாண்டினால் நஞ்சு. தாது உப்பிலும் இருந்து, ஊசியும் போட்டு, மாத்திரையும் கொடுத்தால் எல்லை தாண்டிவிடலாம். என்னென்ன கொடுக்கிறீர்கள் என்று ஊசி போட வருபவரிடம் பொட்டலத்தைக் காட்டிச் சொல்லுங்கள்.

இரத்தம் எடுத்துப் பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். கால்சியத்தை உடம்பு எலும்பைக் கரைத்தாவது இரத்தத்தில் சமன் செய்து வைத்திருக்கும். தாமிரம் ஈரலில் தீர்ந்த பிறகுதான் இரத்தத்தில் குறையும். இரத்தச் சோதனை முடிவு சரி என்று வந்தால் தீவனம் சரி என்று பொருளல்ல. தீவனத்தை நிறுத்து, மேலே சொன்னதுபோல் கூட்டிக் கழித்துப் பார்ப்பதே மலிவான சோதனை.

கடைசியாக, தவிடு தின்னும் ஆண் கன்றுகள். தவிட்டில் பாஸ்பரஸ் மலை, கால்சியம் மடு. வளர்ப்புக்கு விட்ட காளைக் கன்றுக்கு வெறும் தவிட்டைக் கொடுத்துவந்தால் சிறுநீர்ப் பாதையில் கல் அடைக்கும், வாலைத் தூக்கி முக்கும், சொட்டுச் சொட்டாகப் போகும். கால்சியம் இரண்டு பங்கு, பாஸ்பரஸ் ஒரு பங்கு என்ற விகிதத்துக்குக் கொண்டுவர, ஒரு கிலோ தவிட்டுக்கு 50 கிராம் கால்சைட்டும் 10 கிராம் உப்பும் சேர்த்து, தண்ணீரை எப்போதும் எட்டும்படி வைத்தால் அடைப்பு வரும் வாய்ப்பு வெகுவாகக் குறையும்.